உப்புக்காற்றுக்கு எந்த பைனாகுலர்?

எங்கள் பள்ளிப் பசுமைப் படைக்கு பைனாகுலர் வாங்கச் சேர்ந்த பணம் 30,000 ரூபாய். பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர் கொடுத்தது. மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் இடையில் இருக்கிற பள்ளி என்பதால் ஏரிக்குப் பிள்ளைகளை சைக்கிளிலேயே அழைத்துப் போய்விடலாம். வருடத்துக்கு ஒருமுறை கோடியக்கரை, வசதிப்பட்டால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒரு படகுப் பயணம். இவ்வளவுதான் எங்கள் தேவை. பணம் வந்ததும் ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். எனக்கிருந்த கேள்வி வேறு. வாங்குவது இரண்டு ஐப்பசியைத் தாண்டுமா?

முன்பு நான் சொந்தக் காசில் வாங்கிய ஒன்று தாண்டவில்லை. அதைத் தோல் உறையில் போட்டு, பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டாவது வருடக் கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. கும்பகோணத்தில் கேமரா பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது கீழே விழுந்து கெட்டது இல்லை டீச்சர், பத்திரமா வச்சதால கெட்டது" என்றார். பிரித்துத் துடைத்தும் கொடுத்தார். ஆனால் ஒரு லென்ஸின் மேல்பூச்சைப் பூஞ்சை ஏற்கெனவே தின்றிருந்தது. அந்தத் தழும்பு போகவில்லை. அதற்கு மேல், திரும்பப் பூட்டியபோது இரண்டு குழாய்களும் ஒரே இடத்தைப் பார்க்க மறுத்துவிட்டன. ஒரு கொக்கு இரண்டு கொக்காகத் தெரிந்தது.

டெல்டாவில் கண்ணாடிக் கருவிகளுக்கு முதல் எதிரி இந்தப் பூஞ்சைதான். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது முளைக்கும். தின்பதற்குக் கொஞ்சம் தூசும் விரல் எண்ணெயும் போதும். இருட்டும், காற்றோட்டமில்லாத மூலையும் கிடைத்தால் இன்னும் கொண்டாட்டம். வளரும்போது அது விடுகிற அமிலம் லென்ஸ் பூச்சையும், நாள்பட்டால் கண்ணாடியையுமே அரிக்கும். ஈரப்பதத்தை அளக்கத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம். அடுப்படியில் இருக்கிற உப்பு ஜாடியைப் பாருங்கள். சுத்தமான உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் நீர்விடும். நம் கல்லுப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே விட்டுவிடும். ஜாடி அடியில் தண்ணீர் தேங்கினால் பீரோவுக்குள்ளும் அதே கதைதான். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அது ஒன்றும் செய்யாது. தோல் உறை இன்னும் மோசம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே ஊட்டும்.

சரி, 30,000 ரூபாய்க்கு என்னென்ன வழிகள் இருந்தன என்று சொல்கிறேன். விலைகள் நாங்கள் விசாரித்த சமயத்தில் சொன்னவை.

முதல் வழி, ஆறேழாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற, காப்பு அடைப்பு இல்லாத பழைய பாணி பைனாகுலர். நான்கு வாங்கலாம். முன்பக்கக் குழாய்கள் அகன்று, கண் வைக்கும் பக்கம் நெருங்கி, தோள்பட்டை மாதிரி வளைந்திருக்கும் இந்த அமைப்பை போரோ பிரிசம் என்பார்கள். கொடுக்கிற காசுக்கு இதில் தெரிகிற காட்சியை எதுவும் அடிக்காது, அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஒலிம்பஸின் 8x40 (எட்டு மடங்கு, முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர்) டிபிஎஸ்-ஐ மாதிரியில் பார்வைப் பரப்பு 8.2 டிகிரி. அதாவது 1,000 மீட்டர் தள்ளி சுமார் 143 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் விழும். வடுவூரில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாகக் கிளம்பும்போது, பழக்கமில்லாத பிள்ளையின் கண்ணுக்கு அந்த அகலம்தான் பறவையைப் பிடித்துக் கொடுக்கும்.

ஆனால் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது இதில் கண்பகுதி முழுவதும் வெளியே வந்து உள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் சைக்கிள் பம்ப் மாதிரி வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அந்த வெளிக்காற்று வேதாரண்யம் உப்பளத்துக் காற்றாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதன் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. திருகைக் கழற்றினால் பிரியும். கும்பகோணத்துக்காரர் மாதிரி கைத்தொழில் தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் பிரித்துத் துடைத்துவிடுவார். கரூர் மாதிரி உள்நாட்டு ஊரில் இருந்தால் நான் இதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது, அதே போரோ உருவம், ஆனால் ரப்பர் வளையங்களால் அடைத்து உள்ளே உலர்ந்த நைட்ரஜன் நிரப்பியது. நிக்கான் ஆக்‌ஷன் இஎக்ஸ் 8x40 இந்த வகை. 1 மீட்டர் தண்ணீரில் 5 நிமிடம் தாங்கும் என்கிறார்கள். பார்வைப் பரப்பு அதே 8.2 டிகிரி. காட்சி அருமை. எடை 855 கிராம். ஏழாம் வகுப்புப் பிள்ளை கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்த பிறகு பறவை மேல் பிரியமாக இருக்குமா என்பது சந்தேகம். 5 மீட்டருக்குள் வந்த எதையும் தெளிவாகக் காட்டாது என்பதால், பக்கத்துக் கோரைப்புல்லில் உட்கார்ந்த தும்பியைப் பார்க்க முடியாது. பிள்ளைகள் பாதி நேரம் பார்ப்பது தும்பியைத்தான்.

மூன்றாவது, நேர்க்குழாய் வடிவத்தில் வரும் ரூஃப் பிரிசம் வகை, நைட்ரஜன் அடைத்தது, 8x42, ஒன்று பன்னிரண்டு, பதிமூன்றாயிரம். பல கம்பெனிகள் இந்த விலையில் வைத்திருக்கின்றன. பெயர் வேண்டாம், வாங்கியதில் ஒன்றில் கண்ட குறையைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. எடை 600 கிராமைச் சுற்றி நிற்கும். ஃபோகஸ் செய்யும்போது நகர்வது உள்ளே இருக்கிற சின்ன லென்ஸ் மட்டும், வெளியே எதுவும் அசையாது. பம்ப் வேலையே இல்லை. இதில் இழப்பது காட்சியின் கூர்மை. ரூஃப் பிரிசம் ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும். அப்போது வரும் குழப்பத்தைத் திருத்த ஃபேஸ் பூச்சு என்று ஒன்று வேண்டும். விலை குறைந்தவற்றில் அது இருக்காது, இருந்தால் பெட்டியிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். பூச்சில்லாத ரூஃப், பாதி விலை போரோவிடம் தோற்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன், உள்ளான் பறவையின் முதுகில் செதில் மாதிரி இருக்கிற இறகுகள் போரோவில் தனித்தனியாகத் தெரிந்தன, ரூஃபில் கொஞ்சம் ஈஷிக்கொண்டிருந்தன.

நான்காவது வழி, எல்லாப் பணத்தையும் போட்டு நிக்கான் மோனார்க் எம்5 மாதிரி நல்லதாக ஒன்றே ஒன்று. தனி ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் வாங்குவேன். இருபது பிள்ளைக்கு ஒன்று என்றால் வரிசையில் நிற்பதற்குள் பூநாரை போய்விடும்.

பத்து மடங்கு வேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்பளத்தில் காலை பத்து மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். எட்டு மடங்கில் நடுங்குவது பத்து மடங்கில் இன்னும் பெரிதாக நடுங்கும். கை நடுக்கமும் அப்படியே.

கடைகளில் இவற்றின் பெட்டிமேல் பலவிதமான சோதனை எண்கள் இருக்கும். ராணுவத் தரம் என்று போட்டு மில்-எஸ்டிடி-810 என்பார்கள். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1962-இல் முதலில் வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் பூஞ்சைக்குத் தனி முறை உண்டு, குறைந்தது 28 நாள் வளரவிட்டுப் பார்ப்பார்கள். உப்பு மூட்டத்துக்கு 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தெளித்து ஒரு நாள் நனைத்து ஒரு நாள் உலர்த்தி, அதையே இன்னொரு முறை செய்வார்கள். விழுந்தால் தாங்குமா என்பதற்கு ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை என்று மொத்தம் 26 தடவை போடுவது உண்டு. கண்ணாடிக் கருவிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 9022 வரிசையும் இருக்கிறது, அதன் 4-ஆம் பகுதி உப்பு மூட்டத்துக்கு, 11-ஆம் பகுதி பூஞ்சைக்கு. ஆக, நமக்கு வேண்டிய கேள்வியை யாரோ ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். ஆனால் 810 என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. அந்தத் தொகுப்பில் உள்ள எந்த முறையைச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். வெறும் அதிர்வுச் சோதனை ஒன்றைச் செய்துவிட்டும் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம், முத்திரை குத்தித் தருகிற அலுவலகம் எதுவும் அதற்குக் கிடையாது. நான் பார்த்த பெட்டிகளில் பூஞ்சை என்ற சொல்லே இல்லை. உத்தரவாதத் தாளில் மட்டும் இருந்தது, விலக்கப்பட்டவற்றின் பட்டியலில்.

அப்புறம் எப்படிச் சோதிப்பது? அதைச் சொல்லித் தந்தவர் என் கொழுந்தனார். அவர் ஏர் ரைஃபிள்காரர், தோப்பில் காகித இலக்கு வைத்துச் சுடுவதோடு சரி, கொக்கு பக்கம் திருப்பமாட்டார். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் தோட்டாத் துப்பாக்கியை விடக் குறைந்த சக்தி உடையதுதான், ஆனால் மேலே மாட்டியிருக்கும் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, கொல்வதில் கெட்டிக்காரன். உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முனையில் போய் மோதும்போது முன்னால் இழுக்கும். பின்னுதையை மட்டும் நினைத்துச் செய்த ஸ்கோப்புக்குள் இருக்கிற குறுக்குக்கோடும் லென்ஸும் இந்த முன்னிழுப்பில் ஆட்டம் கண்டுவிடும்.

"அண்ணி, ஸ்கோப் உடையுறதை யாரும் கண்டுபிடிச்சிடலாம். உடையாமலே பொய் சொல்றதைத்தான் பிடிக்கணும்" என்றார். அவர் செய்வது இது. முதலில் 10 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு, எங்கே விழுகிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்வார். பிறகு துப்பாக்கியை முழங்கால் உயரத்திலிருந்து தடித்த பாயில் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை விழவிடுவார், குண்டு ஏற்றாமல்தான். திருகு எதையும் தொடாமல் மறுபடி ஐந்து. துளைக் கூட்டத்தின் நடு நகர்ந்திருந்தால் ஸ்கோப் நம்பகமில்லை. அடுத்தது சதுரச் சோதனை. ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகுகளை மேலே 40 கிளிக், வலது 40, கீழே 40, இடது 40 என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சுடுவது. ஒரு கிளிக்குக்குக் கால் மினிட் நகரும் ஸ்கோப்பில் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு மினிட்) 40 கிளிக் என்பது 10 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டர். சதுரத்தின் பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும், கடைசிக் குண்டு முதல் துளைக்கே திரும்பி வர வேண்டும். தவறினால் உடனே ஸ்கோப்பைத் திட்டக் கூடாது, அதைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகுகளை முதலில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பாதிக் குற்றம் அங்கேதான் இருக்குமாம்.

முதலில் அளந்து குறித்துக்கொள், கஷ்டப்படுத்து, அதே இடத்தை மறுபடி அள. இந்த ஒழுங்கை பைனாகுலருக்கு அப்படியே கொண்டுவந்தேன். பைனாகுலரில் குறுக்குக்கோடு கிடையாது. ஆனால் இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதுதான் அதற்கான நேர்மை. பள்ளி மொட்டை மாடியிலிருந்து தூரத்து மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் தூரம் விலக்க வேண்டும். இரண்டு வட்டங்களும் தனித்தனியாகத் தெரியும். கம்பி இரண்டிலும் ஒரே உயரத்தில் ஓடினால் சரி. ஒன்றில் ஏறி ஒன்றில் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் பிசகினால் கண் சமாளித்துக்கொள்ளும், மேல்கீழ்ப் பிசகை அதனால் சமாளிக்கவே முடியாது, பத்து நிமிடத்தில் தலைவலி வரும். கொழுந்தனாரின் திருகு மாதிரி இதிலும் ஒரு பொய்க் குற்றவாளி உண்டு. வலது கண்பகுதியில் இருக்கும் பார்வைத் திருத்த வளையத்தை யாராவது திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடி மங்கிவிட்டது என்பார்கள். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கம்பியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். ஃப்ரீசர் வேண்டாம், கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனிக்கும். இதைக் கண்டு பயந்து திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர்க் காற்றில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரியை ஒட்டி நிற்கும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தாலே வெளிக்கண்ணாடி பனிக்கும், மூக்குக்கண்ணாடி பனிக்கவில்லையா, அது மாதிரி. மெல்லிய துணியால் வெளியே ஒற்றி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்க எட்டாத இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூட்டம் நின்றால் உள்ளே ஈரக்காற்று இருக்கிறது, நைட்ரஜன் இல்லை. அவ்வளவுதான், வேறு விசாரணை வேண்டாம்.

தண்ணீரில் முக்குவது நீர் புகாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததற்கு மட்டும். பக்கெட்டில் நல்ல தண்ணீர், அவர்கள் சொன்ன நேரத்துக்குள். முதலில் நாலைந்து குமிழி வரும், அது ரப்பர் மேலுறைக்கு அடியில் இருந்த காற்று. ஒரே இடத்திலிருந்து விடாமல் நூல் பிடித்த மாதிரி வந்தால்தான் கசிவு. காப்பு இல்லாத முதல் வகையை இப்படி முக்கினால் சோதனை முடிந்துவிடும், பைனாகுலரும் முடிந்துவிடும்.

விழவிட்டுப் பார்ப்பதைச் செய்யத் துணிவில்லை, பொதுப் பணம். அதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நான் எதிர்பார்க்காத ஒரு அளவு வந்து குறுக்கே நின்றது. பெரும்பாலான முழு அளவு பைனாகுலர்களை மடக்கிக் குறுக்கினாலும் இரண்டு கண்பகுதிகளுக்கும் இடையே சுமார் 56 மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. ஆறாம் வகுப்பில் ஸ்கேல் வைத்துக் கருவிழி நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தோம். சில பிள்ளைகளுக்கு அதற்கும் குறைவு. அவர்களுக்கு எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலரும் இரண்டு தனி வட்டம்தான். ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்லிச் சமாளிக்கிறோம். வாங்குவதற்கு முன் அளந்திருக்க வேண்டும்.

முடிவாக மூன்றாவது வகையில் இரண்டு வாங்கினோம். காட்சியில் போரோ மேல் என்று தெரிந்தே எடுத்த முடிவு. அதற்கு முக்கியக் காரணம் குழாயடி. கோடியக்கரையில் ஒரு காலை நின்றுவிட்டு வந்தால் கண்ணாடிமேல் உப்பு படிந்து காய்ந்திருக்கும். அதைத் துணியால் துடைத்தால் உப்புப் படிகம் பூச்சைக் கீறும். அடைத்த கருவியை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவலாம். அடைக்காத கருவியைத் துடைப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாவது காரணம் கழுத்து, 855 கிராமைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். பெரியவர்கள் மட்டும் போகிற குழுவாக இருந்தால் இரண்டாவது வகையை எடுத்திருப்பேன்.

இந்த முடிவில் ஒரு நஷ்டம் உண்டு. அடைத்த கருவி ஒருமுறை கசிந்தால் கும்பகோணத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி நைட்ரஜன் நிரப்பி அடைக்கும் வசதி கம்பெனியிடம்தான். அதனால்தான் திருப்பிக் கொடுக்க அனுமதித்த பத்து நாளைக்குள் எல்லாச் சோதனையையும் முடித்தோம். இரண்டில் ஒன்று ஃபிரிட்ஜில் தோற்றது. இடது குழாயின் உள்ளே, நகம் அளவுக்கு ஒரு மூட்டம், அரை மணி நேரம் கலையவே இல்லை. கடைக்காரர், "வெளியே பனிக்கிறது சகஜம் மேடம்" என்று ஆரம்பித்தார். டார்ச்சோடு எடுத்த போட்டோவைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார். மாற்றியதும் அதே கம்பெனி, அதே மாதிரி. அது தேறியது. ஒரே பெட்டி, ஒரே விலை, ஒன்று தேறும் ஒன்று தேறாது என்பதால் அடுத்தவர் எழுதிய மதிப்புரையை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள், உங்கள் கைக்கு வந்ததைச் சோதியுங்கள்.

மிச்சப் பணத்தில் காற்றுப் புகாத இரண்டு பெரிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கினோம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கும், பிள்ளைகள் கைபடும் இடத்துக்கு ஆரஞ்சு நிறம் நல்லது. ஈரம் குடித்தால் பச்சையாக மாறும், மிதமான சூட்டில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். போன ஐப்பசியில் மூன்று தடவை வறுத்தோம். என் பழைய போரோவும் அந்த டப்பாவிலேயே இருக்கிறது. இரட்டைக் கொக்கு காட்டினாலும் ஒற்றைக் கண் வைத்துப் பார்க்கும் ஆறாம் வகுப்புக்கு அது போதும்.

தை மாதம் வடுவூர்க் காட்சிக் கோபுரத்தின் படியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நான் செய்யத் துணியாத சோதனையைச் செய்துவிட்டாள். பைனாகுலர் நாலு படி உருண்டது. அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் மாடியில் கம்பியைப் பார்த்தோம், இரண்டு வட்டத்திலும் ஒரே உயரம். ஃபிரிட்ஜிலும் வைத்தோம், உள்ளே மூட்டம் இல்லை. வலது கண் ரப்பர் மட்டும் பிளந்துவிட்டது. உதிரிப் பாகம் கேட்டு எழுதியிருக்கிறோம். அதுவரை சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டியிருக்கிறாள்.